பங்கேற்பாளர் ஒருவர் தேவை

ஒஸ்லோ நகரின் கிழக்கே, ட்வெய்ட்டாவுக்கு மேலே, ஊசியிலை மரங்கள் நின்றபடியே தூங்கும் ஒரு மேட்டில் கிரான்தூன் மாணவர் இல்லம் இருக்கிறது. அதன் நான்காம் மாடியில் பன்னிரண்டு பேர் குடியிருந்தார்கள். பன்னிரண்டு அறைகள், ஒரு சமையலறை. யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. சமையலறையில் கண்டால் "ஹை" என்பார்கள். காணாவிட்டால் இன்னும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அந்த நாட்டில் இதற்கு நல்லுறவு என்று பெயர்.

இந்த வருந்தத்தக்க நிலைமை மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது.

மேலிடம் ஓர் அறிவித்தல் விடுத்தது. இல்லவாசிகளின் உடல், உள, சமூக நலன்களைக் கருத்திற்கொண்டு, அடுத்த ஆண்டுக்கான அறை ஒப்பந்தங்கள், இல்ல வாழ்வில் ஈடுபாடு காட்டுவோருக்கு முன்னுரிமை அளித்தே புதுப்பிக்கப்படும். ஈடுபாடு முற்றுமுழுதாகச் சுயவிருப்பின் பாற்பட்டது. ஒஸ்லோவில் அறை தேடிக் களைத்த எவருக்கும் 'முன்னுரிமை' என்ற சொல் 'வெளியே போ' என்றுதான் காதில் விழும். ஆகவே நான்காம் மாடி சுயவிருப்போடு சமையலறைக்கு ஓடியது.

தர்மிகா மட்டும் ஓடவில்லை. அவள் நித்திரை.

தர்மிகா தாதியியல் மாணவி. உடற்றொழிலியல் சோதனையில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதிலும் விழுந்தால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீடு குரோருட்டில் இருந்தது. அங்கே அவளுடைய தகப்பனார் சிறீஸ்கந்தராசா ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவராகவும், இன்னொன்றின் காப்பாளராகவும், அவை இரண்டிலிருந்தும் பிரிந்து வந்த மூன்றாவதன் போசகராகவும் இருந்தார். பால்பல் விழாத வயதிலிருந்தே முன்வரிசையில் இருந்து கைதட்டிக் கைதட்டி வளர்ந்தவள் அவள். அந்த முன்வரிசைக்குத் தப்பித்தான் இந்த மேட்டில் வந்து அறை எடுத்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. எதிர் அறைச் சேந்தன், எல்லிங்ஸ்ருட் பக்கத்துப் பெடியன், பொறியியல் படிக்கிறவன்.

"தர்மி, எழும்பு. பதவியெல்லாம் முடிஞ்சுது."

"நல்லதாப் போச்சு. என்னை விடு."

"அதுதான் ஏலாது. பதினொரு பேரும் பதினொரு குழு போட்டாச்சு. நான் தனிமை ஒழிப்புக் குழுத் தலைவர். மற்றப் பத்துக் குழுவிலயும் செயலாளர், இல்லாட்டி ஆலோசகர். எல்லாரும் அப்பிடித்தான். இப்ப பங்குபற்றத்தான் ஆளில்லை."

"நீங்களே ஒருத்தரின்ர கூட்டத்துக்கு மற்றவை போங்கோவன்."

"அமைப்பாளர் பங்கேற்பாளரா இருக்கேலாதாம். நலன் முரண்பாடு. இல்லத்து ஆலோசகர் மேரின் அக்கா திட்டவட்டமாச் சொல்லிப்போட்டா." சேந்தன் குரலைத் தாழ்த்தினான். அதில் ஒரு பக்தி இருந்தது. "இந்த மாடியில பதவியில்லாத ஒரே மனுசி நீதான். நீ வராட்டி எங்கட குழு ஒண்டும் நடக்காது. குழு நடக்காட்டி எங்களுக்கு அறை இல்லை. உனக்கும்தான்."

"எனக்குச் சோதனையடா."

"ஒரு கோப்பிதானே. வந்து குடிச்சிட்டுப் போ."

ஒரு கோப்பிதானே என்று தர்மிகாவும் நினைத்தாள். உலகத்து விபரீதங்கள் பலவும் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

தனிமை ஒழிப்புக் குழு பதினொரு பேராகச் சுற்றியிருந்து, அவளை நடுவில் இருத்தி, நீ தனிமையில் வாடுகிறாயா என்று கேட்டது. இல்லை என்றாள். சேந்தனின் முகம் வாடிப்போயிற்று. "கொஞ்சம்கூட இல்லையோ?" என்று கெஞ்சினான். "சரி, சில ஞாயிற்றுக்கிழமைகளில" என்றாள். அறை முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது.

நல்லுறக்கக் குழுவின் தலைவி இங்விள்ட் மிகவும் நல்ல பிள்ளை. விடியமுன் வந்து தர்மிகாவைத் தட்டி எழுப்பி, உறக்கத்தின் இன்றியமையாமை பற்றி வகுப்பு எடுத்தாள். கைபேசி விரதக் குழு, கைபேசியைத் தொடவேண்டாம் என்று நாள் முழுக்கக் கைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நன்றியறிதல் குழுவுக்கு அவள் நாளுக்கு மூன்று விடயங்களுக்கு நன்றி சொல்லவேண்டியிருந்தது. முதல் நாள் பெற்றோர், உணவு, சூரியன். மறுநாளும் அதே. பிறகு சூரியன் வரவில்லை. சிறுநீரகத்துக்கு நன்றி சொன்னாள். அன்றைக்குப் படித்த ஒரே பாடம் அது.

அந்த ஆண்டு ஒஸ்லோவில் பனித்தண்ணீரில் இறங்குவது நாகரிகமாகியிருந்தது. முன்பெல்லாம் ஏரிக்குள் தவறி விழுந்தவரை இழுத்துக் கரையில் போட்டார்கள். இப்போது நல்லாயிருந்தவரைக் கூட்டிக்கொண்டுபோய் இறக்கினார்கள். குளிர்நீர்க் குழு பக்கத்து ஏரியின் பனிக்கட்டியில் ஆள் இறங்குமளவுக்கு ஒரு கிடங்கு வெட்டியது. அமைப்பாளர்கள் அனைவரும் தடித்த மேலங்கியும் கம்பளித் தொப்பியுமாகக் கரையில் நின்றார்கள். பங்கேற்பாளர் தண்ணீரில் நின்றார்.

"மூச்சை மெல்ல விடு. உடம்பு என்ன சொல்கிறது என்று கேள்" என்றார் குழுத் தலைவர்.

தர்மிகா சுத்தத் தமிழில் சில சொற்கள் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று எல்லாரும் சேந்தனைப் பார்த்தார்கள்.

"மிகவும் நெகிழ்ந்துபோயிருக்கிறாள்" என்று மொழிபெயர்த்தான் அவன்.

அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சந்தோசமாகப் போர்த்துக்கொண்டு, உடற்றொழிலியல் புத்தகத்தை விரித்தாள். கதவு திறந்தது. நோயாளரைப் பார்வையிடும் குழுவினர் பருப்பு சூப்போடு உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சூப் நன்றாக இருந்தது. அதைக் குடித்ததும் பங்கேற்பாகவே கணிக்கப்பட்டது.

சோதனைக்கு இன்னும் இரண்டு நாள்தான். அன்றைக்கும் மறுநாளுக்குமாக எல்லாக் குழுக்களும் ஆண்டிறுதி நிகழ்ச்சி வைத்திருந்தன. தர்மிகா தகப்பனாருக்குப் போன் எடுத்து அழுதாள்.

சிறீஸ்கந்தராசா முழுவதையும் கேட்டார். "பிள்ளை, உனக்கு அங்கை என்ன பதவி?"

"ஒண்டும் இல்லை அப்பா."

"அதுதான் பிழை. பதவியில்லாத மனுசருக்குத்தான் உலகத்தில வேலை கூட. எங்கட சங்கத்தில தலைவரைக் கதிரை அடுக்கச் சொல்லி இண்டைக்கு வரைக்கும் ஆரும் கேட்டதில்லை."

தர்மிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு மேரினிடம் போனாள்.

மேரின், மாணவர் நலன் மற்றும் ஈடுபாட்டு ஆலோசகர். தாய்தகப்பன் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவள் ஒஸ்லோவில் பிறந்தவள். அவளுடைய அலுவலகத்தில் மூலைகளே இல்லாத நாற்காலிகளும், அழ வருபவர்களுக்காகக் கடதாசிக் கைக்குட்டைகளும் இருந்தன.

"அக்கா, இன்னும் இரண்டு நாளில சோதனை. கடைசித் தரம். எனக்குப் படிக்க வேணும், படுக்க வேணும். வேறையொண்டும் வேண்டாம்."

மேரின் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு மலைபோல ஏறிக்கொண்டிருந்தது. "இதைப் பாரும் தர்மிகா. போன வருசம் நீர் ஒரு இடமும் போகேல்லை. இப்ப நாலாம் மாடியின்ர பங்கேற்பு நூறு வீதம்."

"அது நான் ஒருத்தி அக்கா."

"ஓம். நூறு வீதமும் நீர்தான். எனக்கு எவ்வளவு பெருமை!"

"எனக்குக் காய்ச்சல்."

"அது சுகாதாரப் பிரிவு. நாங்கள் நல்லாயிருக்கிற பிரிவு."

"நான் இனி வரமாட்டன் எண்டா?"

"வராட்டி வராம விடலாம். கட்டாயமே இல்லை. ஏன் விருப்பமில்லை எண்டு ஒருக்கா வந்து கதைக்க வேணும். பிறகு, விருப்பமில்லாதவைக்கு ஒரு குழு இருக்கு. அதுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வர வேணும்."

தர்மிகா நிமிர்ந்து இருந்தாள். "அப்ப எனக்கும் ஒரு பதவி தாங்கோ. பங்கேற்பாளர் பிரதிநிதி."

மேரினின் கண்கள் கலங்கின. இப்படி ஒரு மலர்ச்சியைக் காணத்தானே அவள் படித்ததெல்லாம். "ஆனா சும்மா தர ஏலாது. சனநாயக முறைப்படி பங்கேற்பாளர்கள்தான் தெரிவுசெய்ய வேணும்."

"பங்கேற்பாளர்கள் எண்டா நான்தானே."

"ஓம். இரகசிய வாக்கெடுப்பு."

மேரின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தர்மிகா வாக்களித்தாள். தர்மிகா ஏகமனதாகத் தெரிவானாள். எதிர்ப்பு இருக்கிறதா என்று மேரின் முறைப்படி கேட்டபோது, ஒரு கணம் தயங்கி, இல்லை என்றாள்.

பதவி வந்ததும் அவளும் அமைப்பாளர். அமைப்பாளர் பங்கேற்பாளராக இருக்கமுடியாது. அந்தக் கணமே அவளுக்கு விடுதலை. அறைக்கு வந்து படித்தாள், தூங்கினாள், எழும்பிப் படித்தாள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. பதவியில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்வது பண்பில்லை. சோதனையில் சிறுநீரகம் வந்தது. நன்றி சொன்னது வீண்போகவில்லை. ஆகக் குறைந்த புள்ளியில் என்றாலும் சித்தியடைந்தாள்.

நான்காம் மாடியில் இப்போது பன்னிரண்டு பொறுப்பாளர்கள் இருந்தார்கள். பங்கேற்பாளர் ஒருவரும் இல்லை.

"எல்லாரையும் றோட்டில விட்டிட்டாய்" என்றான் சேந்தன். இங்விள்டுக்கு உறக்கம் வரவில்லை. குழுக்கள் கூடிக் கூடிப் பேசின. யாரையாவது வாடகைக்குப் பிடிக்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதை ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது.

ஆனால் மேலிடத்தின் ஞானத்தை அவர்கள் குறைவாக எடைபோட்டுவிட்டார்கள். மேரின் அனுப்பிய அறிக்கையை மேலிடம் வாசித்தது. தனிமையில் வாடுவோர்: சென்ற மாதம் ஒருவர், இம்மாதம் எவருமில்லை. உறக்கமின்றித் தவிப்போர்: எவருமில்லை. உதவி நாடி வருவோர்: எவருமில்லை. வரலாற்றில் முதல் தடவையாக ஒரு மாடி முழுவதுமாகக் குணமாகியிருந்தது. பன்னிரண்டு ஒப்பந்தங்களும் புதுப்பிக்கப்பட்டன. நான்காம் மாடி முன்மாதிரி மாடியாகப் பிரகடனம் செய்யப்பட்டு, பாராட்டு விழாவும் ஏற்பாடாயிற்று.

பொறுப்பாளர்கள் பன்னிரண்டு பேரும் மேடையில் இருந்தார்கள். மேரினும் மேலிடத்தின் சார்பில் வந்தவர்களும் மேடையில் இருந்தார்கள். பெற்றோர் சார்பில் அழைக்கப்பட்ட சிறீஸ்கந்தராசா பையில் பொன்னாடையோடு குரோருட்டிலிருந்து ரயிலேறி வந்தார். பொன்னாடை இல்லாமல் அவர் பல் வைத்தியரிடம்கூடப் போவதில்லை. மண்டபத்துக்குள் வந்தவர் இடம் வலம் பாராமல் நேரே மேடையில் ஏறினார். கால்களுக்கு வேறு வழி தெரியாது. கீழே வரிசை வரிசையாகக் கதிரைகள், முதற்பனி விழுந்த வயலைப்போல, ஒரு காலடியும் படாமல் கிடந்தன.

ஒலிவாங்கி தர்மிகாவிடம் வந்தது. இரண்டே இரண்டு வார்த்தை பேசிவிட்டு விடைபெறுகிறேன் என்று தொடங்கினாள். பிறகு சட்டைப்பையிலிருந்து தாள்கள் வெளியே வந்தன. மேலிடத்துக்கு நன்றி சொன்னாள். இல்லத்துக்கும் ஏரிக்கும் நன்றி சொன்னாள். தான் கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். 'இறுதியாக' என்று மூன்று தடவை சொல்லி, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கினாள். பின்னால் இருந்து தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேந்தன் மேரினின் காதருகே குனிந்தான். "அக்கா, கேட்கிறதுக்கு ஒருத்தரும் இல்லையே."

மேரின் கீழே பார்த்தாள். உண்மைதான். பெரிய குறைதான். "கேட்போர் குழு எண்டு ஒண்டு தொடங்குவம்" என்றாள். எழுந்து நின்று, யார் அதற்குத் தலைவராக இருக்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு மொழியிலும் கேட்டாள்.

மேடையிலிருந்த கைகள் எல்லாம் உயர்ந்தன. சிறீஸ்கந்தராசா அனுபவசாலி; இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

தர்மிகா பேச்சை நிறுத்தவில்லை. தாள் புரட்டிக்கொண்டிருந்த கையை மட்டும் மெல்ல மேலே தூக்கினாள்.