எண்பத்தொரு நாள் ரொட்டி

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் நலமா என்பதை உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக இந்தக் கடிதம். அவ்விடத்து நலத்தைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியதில்லை. சென்ற மாதம் வந்திருந்தபோது தொப்பைமேல் தெறிக்கக் காத்திருந்த உங்கள் சட்டையின் நான்காவது பொத்தானே அதை எடுத்துச் சொன்னது.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். நான்கு முறை கேட்டேன். முதல் முறை மழையைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டாம் முறை உங்கள் அலுவலக லிஃப்ட் நடுவில் நின்றுபோனதைச் சொன்னீர்கள். மூன்றாம் முறை, "மாப்பிள்ளை, நீங்க பேசறது சரியா கேக்கல" என்றீர்கள். நான் அப்போது பேசவே ஆரம்பிக்கவில்லை. நான்காம் முறை உங்கள் குரல் நடுங்கி, அடக்க முடியாத எதையோ அடக்குவதுபோல ஒரு சத்தம் வந்து, இணைப்பு நின்றது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆகவே கேள்வியை எழுத்தில் வைக்கிறேன். அன்று அந்த உணவு ஆலோசகர் உங்கள் தங்கைக்கு என்ன வியாதி என்று சொன்னார்? எவ்வளவு பெரிய விஷயமானாலும் எழுதிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன். தாங்க மாட்டேன் என்று தோன்றினாலும் எழுதுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் அட்டவணை எழுதியவனுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. புதிதாகத் திறந்த அந்த மருத்துவமனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரே கோப்பு, மூன்று பேர் வரை சேர்த்துப் பார்த்துவிடலாம் என்ற விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்து வந்தவர் நீங்கள். நீங்கள் தனியாள், நாங்கள் இருவர், ஆள் சரியாக இருந்தது. மூவரும் ரத்தம் கொடுத்தோம், நாக்கை நீட்டினோம், சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு நாற்பது கேள்விக்குப் பதில் எழுதினோம். மறுவாரம் முடிவு கேட்கப் போனபோது உங்கள் தங்கையை எடை பார்க்க அடுத்த அறைக்கு அழைத்தார்கள். அதே நேரத்தில் காவலாளி மேலே வந்து, ஆம்புலன்சுக்கு வழிமறித்து நிற்கும் ஸ்கூட்டர் யாருடையது என்று கேட்டார். என்னுடையது. ஆலோசகரோடு அறையில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். நான் வண்டியை நகர்த்தி, காவலாளியின் அறிவுரையை முழுவதும் கேட்டு, மூன்று மாடி ஏறித் திரும்பியபோது உங்களைக் காணவில்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம். படிக்கட்டுத் திருப்பத்தில் உங்கள் தங்கை ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வாங்க, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள். அது எண்பத்தொரு நாளுக்கு முன். இன்னும் பேசவில்லை.

தாளை அவள் இரும்பு அலமாரியில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்தேன். பெயர் இல்லை, கோப்பு எண் மட்டும் இருக்கிறது, அது நம் மூவருக்கும் பொதுவான எண். உள்ளே இருப்பது இதுதான்: குடலில் கேண்டிடா என்றொரு பூஞ்சை குடியிருக்கிறது, எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கும், சிலருக்குள் அது குடும்பத்தோடு பெருகிவிடும். இனிப்பும் மாவும் அதற்கு உணவு. ஆகவே தொண்ணூறு நாளைக்குச் சர்க்கரை கூடாது, தேன் கூடாது, பழம் கூடாது, கோதுமை, மைதா கூடாது, ஈஸ்ட் கூடாது, புளித்தது எதுவும் கூடாது, காளான் கூடாது. குடியிருப்பவரைக் கிளப்புவதற்காக வீட்டுக்காரரைப் பட்டினி போடும் வைத்தியம் என்று புரிந்துகொண்டேன். கடைசி வரியில் மட்டும், கையெழுத்தில், "மிகவும் முற்றிய நிலை" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததிலிருந்து நான் பழைய மனிதன் இல்லை.

உங்கள் தங்கைக்கு ரொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ரொட்டி இல்லாவிட்டால் அவளுக்கு அன்றைய தேதி ஆரம்பிக்காது. மறுநாளே வீட்டிலிருந்த சர்க்கரை, ஜாம், பிஸ்கட் எல்லாவற்றையும் எடுத்துக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, "இனிமே நம்ம வீட்டுல ஒரே சமையல்தான். எனக்கு இதுல கஷ்டமே இல்ல" என்றாள். கஷ்டமே இல்லை என்று தானாக முன்வந்து சொல்கிற ஆளை நம்பலாமா சொல்லுங்கள். அவள் தனியாகப் பத்தியம் இருக்கக் கூடாது என்று நானும் அன்றே எல்லாவற்றையும் விட்டேன். பிறகு தேங்காய் மாவை முட்டையில் குழைத்து அவளே ஒரு ரொட்டி செய்தாள். தேங்காய் மாவு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்ததைக் கத்தியால் அறுக்க முடியவில்லை, தட்டினால் கதவு தட்டும் சத்தம் வந்தது. நான் இரண்டு துண்டு தின்று, பிரமாதம் என்றேன். அவள் கண் கலங்கி, மூன்றாவது துண்டை என் தட்டில் வைத்தாள்.

நோயாளி அடுப்படியில் நிற்க நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா என்று மறுநாள் முதல் நானே இறங்கினேன். பலசரக்குக் கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுத்தேன். "ஈஸ்ட் வேணாம், மைதா வேணாம், சர்க்கரை வேணாம்னா அப்புறம் ரொட்டியில என்னதான் சார் இருக்கும்?" என்றார். அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். பாதாம் மாவு, ஆளிவிதை, சோடா உப்பு எல்லாம் எடுத்து வைத்தவர், இசப்கோல் உமி என்ற வரியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா சார் போகல?" என்று கேட்டார். ரொட்டிக்கு என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் நம்பவில்லை என்று தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், வெந்நீர் குடித்துவிட்டு வேகமாக நடக்கச் சொன்னார்.

மச்சான், ரொட்டி என்பது சாதாரண விஷயம் இல்லை. மைதாவில் இருக்கிற பிசுபிசுப்புதான் மாவைக் கட்டிப் பிடிக்கிறதாம். அது இல்லாத இடத்தில் இந்த உமி தண்ணீரில் ஊறிக் கூழாகி அந்த வேலையைச் செய்கிறது. ஈஸ்டுக்குப் பதிலாகச் சோடா உப்பின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பொங்கும், பொங்கின வேகத்திலேயே ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் அடங்கிவிடும். நான் யோசிக்கிற ஜாதி. முதல் ஏழு ரொட்டி அடங்கியவை. எட்டாவது எழுந்தது. வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம். அடிபட்டுக் கன்றிய இடம்போல இருந்தது. ஏதோ விஷமாகிவிட்டது என்று பயந்து நானே முதலில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த உமிக்கு அப்படி ஒரு குணமாம். அவளும் அவள் பங்குக்கு விடவில்லை. நான் ஐந்து மணிக்கு எழுந்தால் அவள் நாலரைக்கு எழுந்தாள். சில நாள் வீட்டில் இரண்டு ரொட்டி. இரண்டையும் சாப்பிட வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது.

"என்னங்க, வயிறு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன."

எண்பத்தொரு நாளாக நாங்கள் பேசிய பேச்சில் பாதி இதுதான்.

இதில் நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்தாவது வாரத்திலிருந்து ரொட்டி நன்றாக வர ஆரம்பித்துவிட்டது. மேல்தோல் வெடித்து, ஆறும்போது மெல்ல நொறுங்குகிற சத்தம் கேட்கும். சூடாக இருக்கும்போது வெட்டக் கூடாது என்பார்கள். உங்கள் தங்கை ஓரத்துத் துண்டைக் கையாலேயே பிய்த்து, உப்பு வெண்ணெய் தடவி, ஜன்னலோரம் நின்றபடி தின்பாள். மறு ஓரம் எனக்கு. அந்த ஐந்து நிமிடம் எனக்கு இந்த வயதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காத சந்தோஷம். உடனே, முற்றிய வியாதிக்காரியின் பக்கத்தில் நின்று சந்தோஷப்படுகிறாயே பாவி என்று மனசு குத்தும், கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிடுவேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலக்குவது வேறு. முப்பத்துமூன்று வருடமாக ஈரத் துண்டை நாற்காலியில் போடுவதற்கும், செய்தித்தாளை மடிக்காமல் விடுவதற்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் இந்த மூன்று மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்து உலர்த்திவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். மச்சான், குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உலகத்தை மன்னித்துவிட்டவர்கள் செய்கிற காரியமல்லவா அது.

நாற்பத்தெட்டாம் நாள் நீங்கள் வந்தீர்கள். மேசையில் ரொட்டியை வைத்தோம். "ஐயோ, எனக்கு எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது" என்று தட்டை எங்கள் பக்கமே நகர்த்தினீர்கள். நாங்கள் மென்று முடிக்கும் வரை எங்களை மாறி மாறிப் பார்த்தீர்கள், பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க வெளியே போய் நின்றீர்கள், திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, இருமல் என்றீர்கள். தங்கைமேல் அண்ணனுக்கு இருக்கும் பாசத்தை அன்றுதான் நேரில் கண்டேன். அன்று மாடிப்படியில் நீங்கள் கிரீம் பன் தின்றுகொண்டிருந்ததாகத் தையல்காரர் சொன்னார். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் என்று அவரை அடக்கிவைத்தேன்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தொண்ணூறு முடிந்ததும் என்ன, குணமா, இன்னொரு தொண்ணூறா, வேறு ஏதாவதா? அவளைக் கேட்டால் மறைப்பாள். மருத்துவமனையில் கேட்கலாமென்றால், நோயாளிக்குத் தெரியாமல் விசாரிப்பது முறையா என்று தெரியவில்லை. அந்த அறையில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். உண்மையை எழுதுங்கள். அவளுக்கு ஏதாவது என்றால் நான் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், வேண்டுமானால் அதில் கொஞ்சத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் மனமும் அமைய வேண்டும் என்ற வேண்டுதலுடன்,

என்றும் மாறாத அன்புள்ள
தங்கை கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் விலாசத்தைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். உறைக்குப் பசை தேடப் போன இடைவெளியில் உங்கள் தங்கை இதை எடுத்துப் படித்துவிட்டாள்.

"நீங்க என்ன பைத்தியமா? எனக்கு என்ன வியாதி?" என்றாள்.

"தாள் உன் கையிலதானே இருந்துச்சு."

"கையில இருந்தா எனக்கா? கரண்டியும்தான் என் கையில இருக்கு. அந்த ஆலோசகர் அம்மா வெளிய வந்து, 'நீங்கதான் கண்டிப்பா பாத்துக்கணும், ஆளு சொன்ன பேச்சு கேக்கறவர் இல்ல'ன்னு குடுத்துட்டுப் போனாங்க. சொன்ன பேச்சு கேக்காத ஆளுன்னா எனக்கு உங்களைத்தான் தெரியும். ஸ்கூட்டர் எடுக்கறேன்னு கீழ போனீங்களே, அது அழறதுக்குத்தான்னு நினைச்சேன்."

எனக்காக அவளும் அவளுக்காக நானும் என்றால், தாள் யாருக்காக என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மருத்துவமனையைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டோம். வரவேற்பில் இருந்த பெண் கோப்பைப் புரட்டி, "முதல் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியே சார். பத்தியம் மூணாவது ஆளுக்கு. 'எனக்குச் சமைக்கத் தெரியாது, தாளைத் தங்கச்சிகிட்ட கொடுங்க, அவ பாத்துப்பா'ன்னு அவரே சொன்னதா குறிப்பு இருக்கு. எப்படி சார் இருக்காரு, எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். எங்களுக்கு ஆளுக்கு ஆறு கிலோ குறைந்திருப்பதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

எங்கள் இருவருக்கும் கேண்டிடா இல்லை என்ற கொண்டாட்டத்தில் கடையில் போய்ச் சாதாரண ரொட்டி வாங்கி வந்தேன். பஞ்சை நனைத்து மென்றதுபோல இருந்தது. எண்பத்தொரு நாளில் நாக்கு கட்சி மாறிவிட்டது. நான்கு துண்டோடு நிறுத்திவிட்டு நேற்றைய ரொட்டியை எடுத்தோம். துண்டு, செய்தித்தாள் விவகாரங்கள் மூன்று மாத பாக்கியோடு மதியம் முதல் விசாரிக்கப்பட்டு வருகின்றன. இதை அதன் இடைவேளையில் எழுதுகிறேன்.

கீழே உள்ளது உங்கள் தங்கை தன் கையால் எழுதியது:

அண்ணா, ஞாயித்துக்கிழமை காலைல வந்துடறோம். ஓவனையும் எடுத்துக்கிட்டுதான் வர்றோம். தொண்ணூறு நாள் தங்கறோம். பீரோவுல ரெண்டு தட்டு காலி பண்ணி வை. பேருந்துக்கு நேரமாச்சுன்னு இந்தத் தடவை எங்கயும் கிளம்பிடாதே, இவர் ஸ்கூட்டரை உன் வாசலுக்குக் குறுக்கதான் நிறுத்தப் போறாரு.