அலசிவிட்ட ரத்தத்துக்கும் வரம்பா?

கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி நடுவர் ஐயா அவர்களுக்கு, பதினேழாம் எண் விளையாட்டைச் செய்த பெண்ணின் பாட்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் சுகத்தைப் பதில் வந்தபிறகு விசாரிக்கிறேன்.

"ரத்தம் வரம்பு மீறியதால் நீக்கப்படுகிறது" என்று நீங்கள் அனுப்பிய தாளைப் படித்ததிலிருந்து என் பேத்தி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். எட்டு மாதம் கண் பூத்துப்போகச் செய்தாள் ஐயா. அதில் யார் யாரை வெட்டினார்கள், சொல்லுங்கள்? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள், ஆபரேஷன் விரிப்பு வந்து விழுகிறது, ரத்தம் காய்வதற்குள் பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும், தோத்துப்போவீங்க. அவ்வளவுதான் விளையாட்டு. அந்தப் பொம்பளை நான்தான், முப்பத்தொரு வருஷம் அலசினேன். திரையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிவப்பு கூடாதாமே? வருகிற ரத்தத்துக்கு வரம்பு வையுங்கள், போகிற ரத்தத்துக்கு எதுக்கு?

என் நாத்தனார் பேரன் செய்தது இருபத்தாறாம் எண். நேத்துதான் பார்த்தேன். சுட்டுக்கிட்டே போறான், குண்டு பட்டவன் பூவாக உதிர்கிறான். நானூறு பேர் செத்தார்கள், ஒரு சொட்டு இல்லை. "ரூல் படிதான் பாட்டி"ங்கிறான். அது தேறிவிட்டது!

மொட்டைக்கடிதம் வந்ததால்தான் எங்களுடையதை மறுபடி பார்த்தீர்களாம். அது நாத்தனார் வேலை, எனக்குத் தெரியாதா? என் கல்யாண போட்டோவில் கடைசி நிமிஷம் முன்னால் வந்து நின்றாளே, அவள் தலை மறைத்து, அதில் நான் வெறும் காது. கேட்டதுக்கு, "உங்களுக்குக் காதுதான் அழகு அண்ணி"ன்னா. நாற்பத்தொன்பது வருஷம் ஆச்சு, அன்னைக்கு அவள் போட்டிருந்த செருப்பு என்ன கலர்னு இப்பவும் சொல்லுவேன். நேத்து போன் பண்ணி, "பாவம் அண்ணி, புள்ள சாப்பிட்டாளா?"ங்கிறாள். சாப்பிடலைன்னு அவளுக்கு யார் சொன்னது? உங்கள் கையெழுத்தின் கடைசிச் சுழிகூட அவள் வீட்டுச் சுழி மாதிரிதான் இருக்கிறது. உறவா?

வெள்ளிக்கிழமைக்குள் பேத்தி விளையாட்டைத் திரும்பச் சேருங்கள். மொட்டைக்கடிதம் எழுதின கை எதுவோ, அதை என் முன்னால் நிறுத்துங்கள், இனிமேல் அது பேனா பிடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் வராது.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். நியாயமாக நடந்தால் நீங்களும்.

பின்குறிப்பு: உறையில் போடும்போதுதான், உங்கள் தாளுக்கு அடியில் குத்தியிருந்த மொட்டைக்கடித நகலைப் பார்த்தேன். கை என்னுடையது. அடையாளம் தெரியக்கூடாதென்று எழுதின இடது கை. சுடுகிற விளையாட்டில் ரத்தம் இல்லாமலா போகும் என்று, போன மாசம் நாத்தனார் பேரன் மேல் நான்தான் எழுதினேன். எண்ணுக்கு, எங்கள் மேசையில் கிடந்த சீட்டை அவன் விட்டுப்போன பதிவுச்சீட்டு என்று நினைத்து, எண் இருந்த முனையைக் கிழித்து ஒட்டினேன். கண்ணாடி போடவில்லை. அது என் பேத்தி சீட்டு. ஆகையால் அந்தப் புகார் செல்லாது ஐயா, எழுதினவள் விளையாட்டைப் பார்க்காமலே எழுதினாள், அதுக்கு நானே சாட்சி. பேத்திக்குத் தெரிய வேண்டாம். நாத்தனாருக்கு அறவே வேண்டாம்.

அந்தக் காது விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.