கமாண்டரும் சீமந்த முள்ளும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு நாய் என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதற்காக நான் ஆபீசுக்கு லீவு போட்டு அழுதிருக்கிறேன். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதினேன். நாய் கோபித்துக்கொண்டது என்று எழுதினால் சூப்பர்வைசர் என்னை வேறு எங்காவது அனுப்பி வைத்திருப்பாள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. தாம்பரத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை. அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் மாடம்பாக்கத்தில் ஒரு வீடு கட்டி, சர்ச்சிலிருந்து போதகரை அழைத்து ஜெபம் செய்து குடிவந்து, அந்த வருஷத்து மழையைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். தம்பி பம்பாயில் இருந்தான், கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவான். வீட்டைச் சுற்றிக் கல் நட்ட காலி மனைகளும் வேலிக்காத்தான் புதர்களும்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சிவன் கோவில் மணி கேட்கும், அந்தப் பக்கம் அடித்தால் அதுவும் கேட்காது.

நாள் முழுக்க யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னோடு பேச ஆள் கிடையாது. தெருவில் யாரும் முகம் கொடுப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், யாராவது பேச வந்தால் நான்தான் ஆபரேட்டர் குரலில் கத்தரித்துவிடுவேன். (டிரங்க் கால் மூணு நிமிஷத்துக்கு மேல் போனா எக்ஸ்டென்ஷன் கேட்கணும் இல்லையா, பழக்கதோஷம்.) அதற்கும் காரணம் இருந்தது. நாலாவது வாக்கியத்தில் எல்லோரும் "உனக்கு எப்போ கல்யாணம்?" என்பார்கள். பிறகு ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதனால் நான் பேசியதெல்லாம் கமாண்டரோடுதான். விமானப்படை மதில் ஓரத்தில் குட்டியாகக் கிடைத்தவன் என்பதால் அந்தப் பெயர். வீரம் பெயரோடு சரி. பல்லி விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆனால் கேட்பதில் மன்னன். சூப்பர்வைசர் என்ன சொன்னாள், நான் என்ன சொல்ல நினைத்தேன், ஏன் சொல்லவில்லை என்று நான் விஸ்தாரமாகச் சொல்லச் சொல்ல, காதை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பான். நடுவில் கொட்டாவி விட்டாலும் எழுந்து போகமாட்டான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் காலையில், நான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, ஊதுபத்தி குத்தி வைத்த வாழைப்பழம் போன்ற முகத்தோடு வாசலில் நின்றான். மூக்கு, தாடை, உதடு எங்கும் கறுப்பும் வெள்ளையுமாக நீளநீளமாய் முட்கள். முள்ளம்பன்றி. வண்டலூர் காட்டிலிருந்து அவை ஏரிக்கரைப் புதர்வரை வந்து போவதுண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல்லிக்குப் பயந்தவன் அதனிடம் ஏன் வாலாட்டப் போனான் என்பது இன்றுவரை தெரியாது. நான் கையை நீட்டியதும் அவன் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. அவன் அதை நக்கக்கூட இல்லை. நான் தெருவுக்கு ஓடினேன்.

முதலில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவமாத்தான் கீது மேடம், ஆனா சீட்டு கிழிஞ்சிடும்" என்று போய்விட்டார். கமாண்டரைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நானே பஸ் பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ஏதோ கிராமத்தில் தடுப்பூசி போடப் போயிருந்தார், மறுநாள்தான் வருவாராம். கம்பவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாயை இட்டாந்தாதானேம்மா எதுனா பண்ண முடியும்? நீ மட்டும் வந்து நின்னா நான் யாருக்கு ஊசி போடறது?"

நியாயமான கேள்விதான். அங்கிருந்து நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன், ஏனென்றால் உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சிநேகிதி அங்கேதான் இருந்தாள். சரியாகச் சொன்னால் அங்கே இல்லை, குன்னூர் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். லலிதா. நான் அவளை நேரில் பார்த்ததே கிடையாது. லைன் காலியாக இருக்கும்போது இரண்டு பக்கமும் பேசிப் பேசி உண்டான சிநேகம். குன்னூர்க்காரிக்குத் தெரியாத முள்ளம்பன்றியா என்று நினைத்தேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "முள்ளைப் பாதியா வெட்டிடு கிரேஸ். உள்ள காத்து அடைச்சிருக்கும். வெட்டினா காத்து போயி தானா சுருங்கி வழுக்கிட்டு வந்துடும். இங்க எஸ்டேட்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

டாக்டர் சொல்லியிருந்தால் நான் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். டிரங்க் லைனில் வந்ததை அப்படியே நம்பினேன். ஒயரில் வரும் குரலை நம்பியே சம்பளம் வாங்கியவள் நான். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தையல் கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி, கமாண்டரை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, மூக்கின் மேலிருந்த முட்களை ஒவ்வொன்றாக நறுக்கினேன். காற்றும் வரவில்லை, ஒன்றும் சுருங்கவில்லை. பிடித்து இழுக்க இருந்த பிடி போனதுதான் மிச்சம். அவன் அலறியதில் காலி மனையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின.

அப்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. காலி மனைக்கு அப்பால் குடியிருந்த கல்யாணி மாமி. நான் குடிவந்த நாளிலிருந்து அவரும் நானும் தலையாட்டியதோடு சரி. அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்:

"ஐயோ, அத வெட்டாதே. முழுசா வேணும்."

நாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் சொன்னது முள்ளை. அவர் மருமகள் சுதாவுக்கு அந்த வாரம் சீமந்தம். அந்தச் சடங்கில் கர்ப்பிணிக்குப் புருஷன் முள்ளம்பன்றி முள்ளால் தலையில் வகிடு எடுக்க வேண்டுமாம், எனக்கு அதெல்லாம் தெரியாது. சடங்கு செய்துவைக்கிற வாத்தியாரிடம் இருந்த ஒரே முள் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எல்லாத் தலையிலும் வகிடு எடுத்து மழுங்கிப்போன முள். புதிதாக ஒன்று கிடைக்காதா என்று மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த நேரத்தில், என் நாய் முகத்தில் ஒரு கட்டே வந்து இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டிங் பிளேயரோடு வந்தார். மாமி மடி ஆசாரத்தைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் ஒரு பழைய ஜமக்காளத்தால் கமாண்டரைச் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டார். நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கர்த்தரைக் கூப்பிட்டேன். மாமா இழுக்க இழுக்க முட்கள் முழுசாக வந்தன. ஒவ்வொன்றையும் மாமி வெளிச்சத்தில் பிடித்து, "இதுல வெள்ளை சரியா விழலை" என்று கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார். நாய் எச்சில் பட்டதைச் சடங்குக்கு வைக்கலாமா என்று மாமா மெல்லக் கேட்டார்.

"நாயா போய் அத எடுத்துது? அதுன்னா வந்து நாயைக் குத்தித்து" என்றார் மாமி. மஞ்சள் தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நான் நறுக்கியவை மட்டும் வரவில்லை. மறுநாள் மூக்கு வீங்கிப் பலாக்கொட்டை போல ஆகிவிட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. மாமா மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரத் தட்டு வண்டி ஒன்றைப் பிடித்து வந்தார். அதில் கமாண்டர், அவனுக்குக் குடை பிடித்தபடி மாமா, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நான் என்று கேம்ப் ரோடு வழியாகத் தாம்பரம் போனோம். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் வந்து பார்த்தார்கள். டாக்டர் மேஜையில் நான் அவன் கழுத்தை அமுக்கிப் பிடிக்க, அவர் கீறிக் கீறி ஒவ்வொரு துண்டாக எடுத்தார். முள்ளில் காற்று இருக்கும் என்று யார் சொன்னது என்று கேட்டார். குன்னூர் ஆபரேட்டர் என்றேன். அவர் கமாண்டரிடம் குனிந்து "ஸாரிப்பா" என்றார்.

கமாண்டர் கணக்குப் போட்டுவிட்டான். முள்ளம்பன்றி குத்தியது ஒரு தடவை. அதற்குப் பிறகு வந்த வலியிலெல்லாம் என் கை இருந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் குதித்தான், காலி மனையைக் கடந்தான், மாமி வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டான். கறிக்கடை எலும்பில் வளர்ந்தவன், மாமி குழைத்து வைத்த தயிர் சாதத்தில் குடித்தனம் மாற்றிக்கொண்டான். மாத்திரையும் அதற்குள்தான் போயிற்று. நான் போய் நின்றால் வாலைக் காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வான். பிஸ்கட் நீட்டினேன். பிஸ்கட்டைப் பார்க்கவில்லை, என் கையில் வேறென்ன இருக்கிறது என்று பார்த்தான்.

அந்த நாட்களை என்னால் தமாஷாகச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைத் திறந்தால், வாலால் கதவைத் தட்டும் அந்தச் சத்தம் இல்லை. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே "இன்னிக்கு சூப்பர்வைசர் என்ன பண்ணினா தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டு, திரும்பிப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என் குரலைக் கேட்க ஒரு ஜீவன் இருந்தது, அதையும் நானே கத்தரித்து அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் சாப்பிடாமல் அழுதது, மறுநாள் காய்ச்சல் என்று எழுதியது எல்லாம்.

சீமந்தத்துக்கு மாமி வந்து அழைத்தார். அந்த மாதிரி விசேஷத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. முள் கொடுத்ததற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் கடைசி வரிசையில், ஓடிவிடத் தோதாகக் கதவோரமாக உட்கார்ந்தேன். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார்கள். நாய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீடு என்றேன்.

கமாண்டர் கொல்லையில் கட்டப்பட்டிருந்தான். நெய் வாசனை எந்தக் கயிற்றையும் அவிழ்க்கும் என்று யாரும் நினைக்கவில்லை. வாத்தியார் மந்திரம் சொல்லி, தர்ப்பையோடும் அத்திக் கொத்தோடும் சேர்த்து, மஞ்சள் பூசிய அந்த முள்ளை மாமியின் மகன் ரகுவின் கையில் கொடுத்தார். ரகு அதை உயர்த்தி சுதாவின் நெற்றியில் வைத்த அதே நேரம், கமாண்டர் கூடத்து வாசலில் வந்து நின்றான். முள்ளைப் பார்த்தான்.

அவன் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பழத்தட்டு கவிழ்ந்தது, யாரோ ஒருவரின் மடியிலிருந்த குழந்தை வீறிட்டது. ரகுவின் கை ஆடி, நடு நெற்றியில் ஆரம்பித்த வகிடு இடது காதுப் பக்கம் போய் நின்றது. கமாண்டர் மாமியைத் தாண்டினான், மாமாவைத் தாண்டினான், அத்தனை பேர் காலையும் மிதித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து என் பட்டுப்புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினான்.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. அவன் தலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன், ஒண்ணுமில்ல" என்று அத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வாத்தியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பைரவரே வந்து பார்த்துட்டார், க்ஷேமமா இருக்கும்" என்று சொல்லிச் சடங்கைத் தொடர்ந்தார். சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

சுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, காயத்ரி. அவளுக்கு என்ன சீவினாலும் வகிடு இடது பக்கம்தான் போகும், அது கமாண்டர் எடுத்த வகிடு என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆயுஷ்ஹோமம், கொலு, எது வந்தாலும் மாமி காலி மனையைத் தாண்டி வந்து என்னை அழைப்பார். கடைசியில் மறக்காமல், "நாயைக் கூட்டிண்டு வராதே" என்பார். அவன் தானாகவே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.

வயதாகிக் கமாண்டர் இறந்துபோன அந்த வருஷமும் மாமி கொலுவுக்கு அழைக்க வந்தார். வழக்கம்போல, "நாயைக் கூட்டிண்டு வராதே" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கட்டிப்போட்டுட்டு வரேன் மாமி" என்றேன்.

மாமியும் இப்போது இல்லை. காயத்ரி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் விசேஷம் என்றால் முதல் போன் எனக்குத்தான். "அத்தை, நாயைக் கூட்டிண்டு வராதே" என்பாள். கட்டிப்போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று நான் சொன்ன பிறகுதான், என்றைக்கு, எந்த மண்டபம் என்று சொல்ல ஆரம்பிப்பாள்.