கவரிங் மாப்பிள்ளை

தங்கத்தைவிட உசத்தியான சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணச் சந்தையில் விலைபோகாமல் நின்ற ஒரே ஆள், உலகத்திலேயே எங்கள் பிளாட்டினம் அண்ணாச்சிதான்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடம். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு அண்ணாச்சி வினையூக்கி செய்துகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்; உள்ளே நிக்கல், மேலே தோல் மாதிரி பிளாட்டினம். கரிசல் தூசி கிளம்பும் என்று சித்திரை வெயிலிலும் ஃபேன் போட விடமாட்டார். தும்மல் வந்தால் ரோட்டுக்கு ஓடிப்போய்த் தும்முவார்.

நான் அவருக்கு ஜூனியர். என் துகள்கள் தனித்தனியாக நிற்கவே நிற்காது, ஒட்டி உருண்டையாகிவிடும். மைக்ராஸ்கோப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, நானோ கேட்டா பணியாரம் சுட்டிருக்கியே" என்பார்.

ஆராய்ச்சி வராவிட்டாலும் பேச்சு வரும் என்று எனக்கொரு நினைப்பு. அண்ணாச்சிக்குப் புது மனிதர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பா அம்மாவும் இல்லை. அதனால் கயத்தாறுக்குப் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். பெண்ணின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி.

"மாப்ள என்ன செய்யுதாரு?" என்று என்னைக் கேட்டார்.

"பிளாட்டினத்துல ஆராய்ச்சி."

முதலாளி முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"முழுக்கப் பிளாட்டினம் இல்ல முதலாளி. உள்ள வெறும் நிக்கல். மேல மட்டும் லேசாப் பூச்சு."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, அதுக்குப் பேரு கவரிங்லா?"

"கவரிங்தான். ஆனா ரொம்ப நைசான கவரிங்" என்று மிச்ச மண்ணையும் நானே அள்ளிப் போட்டேன்.

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கெனவே பல வீட்டில் இப்படிக் குனிந்தவர்.

கதவோரம் நின்ற பெண் கேட்டாள்: "ஆசிட்ல கெடந்தா அந்தப் பூச்சு தாங்குமா? உள்ள இருக்க நிக்கல் கரைஞ்சிராதா?" கெமிஸ்ட்ரி படித்தவளாம்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "கரையுது. அதத் தடுக்கத்தான் வழி தெரியாம முழிக்குதேன்."

பிறகு அவர் வாயை யாராலும் மூட முடியவில்லை. அவளும் விடாமல் கேட்டாள். எழுந்த முதலாளி உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்று பார்த்தார். கடைசியில் உள்ளே திரும்பி, "எலையப் போடுங்க. இவிய கை நனைச்சிட்டே போகட்டும்" என்றார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீ ஒழுங்கா வெளக்கியிருந்தா அவ பேசியே இருக்க மாட்டா, லே" என்றார்.

பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. என்னை அதில் அமுக்கி உட்காரவைத்துவிட்டு, கோவில்பட்டி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே நின்று வந்தார்.