தண்ணீருக்கு ஒரு பட்டன்

"பட்டன் எங்கம்மா இருக்கு?" என்று எதிர்வீட்டு ஹில்டா ஆன்ட்டி கேட்டபோது, மொபைல் திரையில் அவருடைய விரல் அதன் மேலேதான் இருந்தது.

நிம்மி பல்லைக் கடித்துக்கொண்டாள். எம்.சி.ஏ. கடைசி வருடம். மனிதரும் கணினியும் எப்படிப் பழகுவது என்று ஒரு பாடம், அதற்கு ஒரு புராஜெக்ட். அது தேறினால்தான் வேலைக்கான நேர்காணல். "பயனர் தப்பே செய்யமாட்டார். தப்பெல்லாம் டிசைன்லதான்" என்பார் பேராசிரியர் இராமச்சந்திரன். பயனர் யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை போலும்.

ஹெப்பாளில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் குழாய் வற்றினால் வாட்ச்மேன் மஞ்சுநாத் மோட்டார் போடவேண்டும். அதற்கு ஆளாளுக்குப் பால்கனியில் நின்று கூப்பாடு போடுவது நாகரிகமில்லை என்பது நிம்மியின் கட்சி. ஆகவே ஒரு ஆப். பட்டனை அழுத்தினால் மஞ்சுநாத்தின் மொபைலுக்குத் தகவல் போய்விடும்.

பட்டனைப் பெரிதாக்கினாள். விளம்பரம் என்று நினைத்து எல்லோரும் மூடிவிட்டார்கள்.

நிறத்தை மாற்றினாள். இப்போது அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"அமுங்குச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றார் மாடி வீட்டு செந்தில்நாதன்.

நியாயம்தானே. அழுத்தியதும் அருவி கொட்டும் ஓசையைச் சேர்த்தாள். மல்டிமீடியாவுக்குத் தனி மதிப்பெண் வேறு உண்டு. மறுநாள் காலையில் செந்தில்நாதன் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு வாசலில் நின்றார்.

"தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுச்சு. நம்பித் தேய்ச்சுட்டேன்."

"அது ஃபீட்பேக், அங்கிள்."

"அதை மொண்டு ஊத்திக்க முடியுமா?"

பேராசிரியரிடம் ஓடினாள். "மனுஷக் குரல் வெச்சுப் பாரும்மா. மனுஷங்க அதைத்தான் நம்புவாங்க" என்றார் அவர், ஏதோ சந்திரனுக்குப் போக வழி சொல்வதுபோல.

தன் குரலையே பதிவு செய்து போட்டாள்: "மஞ்சுநாத், தண்ணி வரல! மோட்டார் போடுங்க!" ஹில்டா ஆன்ட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஒலியை உச்சத்தில் வைத்தாள்.

அவ்வளவுதான், ஆப் பிய்த்துக்கொண்டு ஓடியது. எந்த வீட்டில் அழுத்தினாலும் அழுத்திய சூட்டோடு தண்ணீர்! ஹில்டா ஆன்ட்டி கேக் செய்து கொடுத்தார். செந்தில்நாதன் முழுசாகக் குளித்தார். புராஜெக்ட் அறிக்கையில் 'பயனர் திருப்தி' என்ற தலைப்பை நிம்மி தடித்த எழுத்தில் போட்டாள்.

நேரில் பார்க்கப் பேராசிரியர் வந்தார். ஹில்டா ஆன்ட்டி பட்டனை அழுத்த, நிம்மியின் குரல் ஜன்னல் வழியே தெருமுனை வரை போனது. கீழே மோட்டார் உறுமியது.

"பிரமாதம்! உனக்குத்தான் முதல் மார்க்" என்றவர், கீழே இறங்கியதும் மஞ்சுநாத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, மொபைல்ல வர்ற மெசேஜ் தெளிவா இருக்கா?"

"மொபைலா ஸ்வாமி? அது கெட்டுப்போய் ஒரு மாசம் ஆச்சே!" என்ற மஞ்சுநாத், நிம்மியின் பக்கம் திரும்பினார். "கேக்கணும்னே இருந்தேன் மேடம். எல்லார் வீட்டுக்கும் போய் நீங்களே எதுக்குக் கத்துறீங்க?"