நான்காம் எண்ணைக் காணவில்லை

அலெக்சாந்திரியா

அன்பு மச்சான் ரஃப்அத்துக்கு, ஸலாம். குவைத்தில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

நீ அனுப்பிவைத்த திருட்டு அலாரத்தைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை இங்கே எதற்குமே பேர் கிடையாது, எண்தான். மாட்டிய வரிசைப்படி வாசல் கதவு ஒன்று, பால்கனிக் கதவு இரண்டு, கூடம் மூன்று, உன் அக்கா இன்ஸாஃபின் கழுத்தில் தொங்கிய அவசரப் பொத்தான் நான்கு. முதல் நாளே அவள் ரொட்டி வாங்கப் பால்கனிக்குப் போய்க் கயிற்றில் கூடையை இறக்கினாள், "இரண்டாம் எண் திறக்கப்பட்டது!" என்று பெட்டி அலறியது, கீழே ரொட்டிக்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். "ரொட்டிதான்டா ஏறி வருது எருமை, திருடனில்ல!" என்று இவள் பெட்டியோடு சண்டை. பிறகு தினமும் சண்டைதான். கட்டிய என்னோடுகூட அவ்வளவு பேசியதில்லை.

குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். நாற்பதாம் நாள் ஓதி முடித்துக் கசப்புக் காப்பி குடித்ததோடு எல்லோரும் அவள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள், நான் வருந்துவேனாம். பெட்டி நிறுத்தவில்லை. அலமாரியில் வைத்த பொத்தானில் பேட்டரி தீர்ந்துபோய், "நான்காம் எண்ணைக் காணவில்லை" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்கிறது. அலாரம் மாட்டிய ஹம்தியைக் கூப்பிட்டேன்.

"பேட்டரி மாத்துனா வாயை மூடிக்கும், ஹாஜி."

"அழுத்த ஆளில்லாத பொத்தானுக்குப் பேட்டரி எதுக்குப்பா?"

"அப்ப நாலை அழிச்சிடுவோம். அடுப்படியில கேஸ் கசிவுக்கு ஒண்ணு மாட்டுனா அந்தக் காலி எண்ணு அதுக்குப் போயிரும்."

"என் பொண்டாட்டி இடத்துல கேஸா? எந்திரிடா!"

ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

என்னால் முடியவில்லை, மச்சான். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். கம்பெனிக்காரர்களிடம் சொல்லி முழுவதையும் கழற்றச் செய். உன் மனைவிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

உன் அத்தான்,
ஷவ்கி

பி.கு.: கழற்றும்படி யாரிடமும் சொல்லிவிடாதே, பெட்டி இருக்கட்டும். கையெழுத்துப் போடும்போது அது மறுபடி சொன்னது. "ஆமாம்ப்பா, காணோம்தான்" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன், அவள் போனபின் முதல்முறையாக. ஹம்தி வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போகட்டும், ஆனால் நாலின் மேல் கை வைக்கக் கூடாது. இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து அவளைத் தேட வேறு யார் இருக்கிறார்கள்?