செங்கமலம் தானாக வருவாள் என்று போட்ட கணக்கு

பாகூர்,
ஆவணி மாதம், ஞாயிறு காலை

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் கண்ணையன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை செங்கமலத்தின் புருஷனும் பாகூர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருமான சிங்காரவேலு வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும் தாயாரும் மாடும் கன்றும் மூலநாதர் கிருபையில் சுகம். பனித்திட்டில் தாங்களும் தென்னந்தோப்பும், முக்கியமாகச் செங்கமலமும், சுகமா என்று அறிய ஆவல்.

சுகம் என்று எழுதினேனே, அது வழக்கத்துக்காக எழுதியது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது, அவள் வரவில்லை. கணிதப்படி இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உங்கள் ஊர்க் கடற்கரைக்கு அவளை அழைத்துப் போனேன் அல்லவா? உலகத்தில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் நாளை நடப்பதையும் கணக்கிட்டுவிடலாம் என்று ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். மணலில் குச்சி நட்டு, அலை ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து, சமன்பாடும் எழுதி, "இங்கே நில், அலை உன் கால்விரலைக்கூடத் தொடாது" என்றேன். நின்றாள். அலை வந்து கூறைப்புடவையை இடுப்புவரை நனைத்து, குச்சியையும் என் ஒரு செருப்பையும் கொண்டுபோயிற்று. "அலைக்கு உங்க பிரெஞ்சு தெரியாது போலகீது"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. மச்சான், அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க மறு செருப்பையும் கடலுக்குக் கொடுத்துவிடுவேன்.

அதோடு விட்டேனா? அலையும் ஏறி இறங்குவது, மனசும் ஏறி இறங்குவது, மனசுக்கும் சமன்பாடு எழுதினால் என்ன என்று தோன்றிற்று. அம்மா மனசுக்குக் கணிதம் வேண்டியதில்லை, அது எப்போதும் ஒரே கொதிப்பு. ஆகவே செங்கமலத்தின் மனசை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு என்ன குழம்பு என்று விடியும்போதே கணக்கிட்டு, காகிதத்தில் எழுதி மடித்து உப்புச்சட்டிக்கு அடியில் வைப்பேன். ‘வெண்டைக்காய்’ என்று எழுதினேன், வெண்டைக்காய்தான் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ‘கத்தரிக்காய்’ என்று எழுதினதை அவ பார்த்துட்டா, மொச்சைக்கொட்டை வச்சா. சரி, முரண்டையும் கணக்கில் சேர்ப்போம் என்று, ‘நான் எதை எழுதினாலும் நீ வேறு குழம்பு வைப்பாய்’ என்று எழுதி வைத்தேன். அன்னிக்கு அடுப்பே மூட்டல மச்சான். "ஒன் கணக்கக் கரைச்சிக் குடிடா"ன்னு அம்மா கத்தினாங்க. செங்கமலம் மட்டும் நிதானமாக, "எம் மனசு எங்கிட்டதான கீது? நான் இன்னா செய்வேன்னு நீங்க எப்பிடிச் சொல்லலாம்?" என்று கேட்டாள்.

ஆடிக்கு வண்டி ஏறும்போது, "எப்ப வருவீங்க?" என்றாள். நான்தான் பெரிய கெட்டிக்காரனாயிற்றே! "நான் எதற்கு? ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நீயே தானாக வந்து நிற்பாய், கணக்குப் போட்டாயிற்று" என்றேன். வண்டி திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏரிக்கரைப் பக்கம் மாட்டுமணி கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு வண்டியில் கரும்பு, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் மாதாகோயில் பங்குச் சாமியார். "என்னைத் தேடியா நிக்கிறே?" என்றார். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் சந்தோஷப்பட்டு, நடுவெயிலில் எனக்கு ஞானோபதேசம் ஆரம்பித்துவிட்டார்.

இப்போது கணக்கில் இருந்த பிழையைத் திருத்திவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை நிச்சயம் வருவாள். தயவுசெய்து இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் வேண்டுமென்றே வரமாட்டாள். நான் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். இல்லை, இளைத்துவிட்டேன் என்றே சொல்லுங்கள். மாடத்தில் அவ விட்டுட்டுப் போன சீப்புல ஒரு நீளமான முடி இருக்குது, அதை அம்மா எடுக்கப் போனா சண்டை போடுறேன். இதைச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. தங்கள் தென்னை காய்த்துக் குலுங்கட்டும், கடல் தன் எல்லையில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
சிங்காரவேலு

பி.கு: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அடப்பாவி! தல ஆடிக்குப் போன பொண்ண புருஷன்காரன்தான்டா போயி இட்டுக்கினு வரணும்! தானா வந்து நின்னா ஊரு இன்னா பேசும்? மாமியா வூட்ல போட்ட சீர் மோதிரம் சின்னதுன்னு நீ முறுக்கிக்கினு கீறேன்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணும் அப்பிடித்தான நெனைச்சி அழுதுக்கினு இருக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மோதிரம் சின்னதில்லை மச்சான், போட்ட நாளிலிருந்து நான் கழற்றவேயில்லை.

ஆகவே மேலே கண்ட எதையும் நம்ப வேண்டாம். இந்தக் கடிதம் புதுச்சேரித் தபாலாபீசுக்குப் போய், நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையெல்லாம் தாண்டி உங்களிடம் வருவதற்குள் நான் வந்துவிடுவேன். கடிதம் வந்தால் பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிடவும். அவள் எப்போது வருவாள் என்று அத்தனை காகிதம் வீணாக்கினேன், நான் எப்போது போவேன் என்று ஒரு வரி போடவில்லை. வண்டி கட்டச் சொல்லியாயிற்று. நான் வந்து கூப்பிட்டா வருவாளா மச்சான்? எனக்குத் தெரியலையே.